பறக்காதவர்கள் வரைந்த பறவைப் பார்வை

1572-ல் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஒரு பெரிய நகரப்படத் தொகுப்பு வெளிவந்தது. அதில் லண்டனுக்கும் ஒரு தாள் உண்டு. குறுக்கே தேம்ஸ் ஆறு ஓடுகிறது. அதன்மேல் இரு பக்கமும் வீடுகள் அடைந்த ஒரே ஒரு பாலம். தென்கரையில், காளை மீதும் கரடி மீதும் நாய்களை ஏவி வேடிக்கை பார்க்கும் இரண்டு வட்ட அரங்குகள். நகரத்துக்குள் செயின்ட் பால் பேராலயம் நிற்கிறது, அதன் உச்சியில் நெடுநெடுவென்று ஒரு கூர்கோபுரம். அந்தக் கோபுரம் 1561 ஜூனில் இடி விழுந்து எரிந்துபோனது. மறுபடி யாரும் அதைக் கட்டவில்லை. இந்தத் தாள் அச்சேறியபோது கோபுரம் போய் 11 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கொலோன்காரர்கள் லண்டனுக்கு ஆள் அனுப்பி இதை வரையவில்லை. 1550-களில் செப்புத்தகடுகளில் செதுக்கப்பட்ட, இதைவிட மிகப் பெரிய ஒரு லண்டன் வரைபடத்தைச் சுருக்கி எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெரிய வரைபடத்தின் அச்சுப்படி ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை. தகடுகளில் மூன்று மட்டும் 20-ஆம் நூற்றாண்டில் கண்டெடுக்கப்பட்டன. அவற்றின் பின்பக்கத்தில் பிற்காலத்தில் ஓவியம் தீட்டியிருந்ததால்தான் அவை உருக்கப்படாமல் தப்பின. இன்னொரு விஷயமும் இருக்கிறது. கொலோன் தகட்டைச் சில ஆண்டுகள் கழித்துத் திருத்தியபோது, புதிதாக எழுந்த ராயல் எக்ஸ்சேஞ்ச் வணிகக் கட்டடத்தை அதில் சேர்த்தார்கள். எரிந்துபோன கூர்கோபுரத்தை அழிக்கவில்லை. அப்படியானால், அந்த இரண்டையும் ஒன்றாகக் காட்டும் லண்டன் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

பழைய ஐரோப்பிய நகரங்களின் பறவைப் பார்வைப் படங்களை இன்று பலரும் சுவரில் மாட்டும் அழகுப் பொருளாகத்தான் அறிகிறோம். சிவப்புக் கூரைகள், பச்சை வயல், நீல ஆறு, முன்னால் கம்பீரமாக நிற்கும் இரண்டு மூன்று மனிதர்கள். அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த அழகுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளும் ஒன்றுக்கு மேற்பட்ட கைகளும் அடுக்கடுக்காக இருக்கின்றன. அளந்தவர் ஒருவர், வரைந்தவர் ஒருவர், செதுக்கியவர் ஒருவர், வண்ணம் இட்டவர் வேறொருவர். அந்த அடுக்குகளைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் இந்தப் படங்கள் சொல்லும் செய்தி பல மடங்கு கூடுகிறது.

கொலோன் தொகுப்பின் பெயர் 'சிவிடாடெஸ் ஓர்பிஸ் டெர்ராரும்', அதாவது 'உலகின் நகரங்கள்'. 1572-ல் முதல் தொகுதி, 1617-ல் ஆறாவதும் கடைசியுமான தொகுதி. 45 ஆண்டு உழைப்பில் 500-க்கும் மேற்பட்ட நகரக் காட்சிகள் சேர்ந்தன. உரை எழுதித் தொகுத்தவர் கேயோர்க் பிரவுன், கொலோனைச் சேர்ந்த கத்தோலிக்க குரு. தகடுகளில் பெரும்பாலானவற்றைச் செதுக்கியவர் ஃபிரான்ஸ் ஹோகன்பெர்க். மெக்கெலன் ஊரில் பிறந்தவர், புராட்டஸ்டன்ட் சார்பு கொண்டவர், அன்று நெதர்லாந்தை ஆண்ட ஸ்பெயினின் நெருக்கடியால், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஆன்ட்வெர்ப் நகரை விட்டு வந்தவர். மதத்தின் பெயரால் ஊர்கள் எரிந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு கத்தோலிக்க குருவும் ஒரு புராட்டஸ்டன்ட் அகதியும் சேர்ந்து இந்த வேலையைத் தொடங்கினார்கள். எனக்கு இந்தப் புத்தகத்தின் மேல் மதிப்பு ஏறுவதற்கு அதுவே ஒரு காரணம்.

இந்த யோசனை வெறுமனே வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1570-ல் ஆன்ட்வெர்ப்பில் ஆப்ரஹாம் ஓர்டெலியஸ் உலக நாடுகளின் வரைபடங்களை ஒரே அளவில், ஒரே கட்டமைப்பில் தொகுத்து வெளியிட்டிருந்தார். அதன் தகடுகளில் பலவற்றைச் செதுக்கியவரும் ஹோகன்பெர்க்தான். நாடுகளுக்கு அப்படி ஒரு புத்தகம் இருக்குமானால் நகரங்களுக்கும் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. இரண்டு புத்தகங்களையும் ஒரே அலமாரியில் வைத்துக்கொள்ளும் வாசகரை மனதில் வைத்தே இதைச் செய்தார்கள்.

அதற்கு முன்னால் நகரப் படம் என்பது எவ்வளவு தளர்வான விஷயமாக இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1493-ல் நியூரம்பெர்க்கில் ஹார்ட்மன் ஷேடல் என்ற மருத்துவர் தொகுத்த உலக வரலாற்று நூலில் 1,800-க்கும் மேற்பட்ட படங்கள் உண்டு. அவற்றை அச்சடிக்கப் பயன்பட்ட மரக்கட்டைகளோ 645 தான். ஒரே மரக்கட்டைப் படம் ஒரு பக்கத்தில் ஒரு நகரமாகவும், சில பக்கங்கள் தள்ளி இன்னொரு நகரமாகவும் வரும். நியூரம்பெர்க் போன்ற சில ஊர்கள் மட்டும் நேரில் பார்த்து வரையப்பட்டவை. அன்றைய வாசகருக்கு இது ஏமாற்று வேலையாகத் தோன்றவில்லை. மதில், கோபுரம், வாசல் இருந்தால் அது நகரம், அவ்வளவுதான். எண்பது ஆண்டுகளில் இந்த நிலை தலைகீழாக மாறியது. தன் ஊரை அடையாளம் கண்டுகொள்ள முடியவில்லை என்றால் வாசகர் கோபித்துக்கொள்ளும் நிலை வந்துவிட்டது.

அந்த மாற்றத்தின் நடுவே நிற்பது 1500-ல் வெனிஸில் வெளிவந்த ஒரு மாபெரும் மரக்கட்டை அச்சுப்படம். வரைந்தவர் யாக்கோபோ தெ பார்பரி. பணம் போட்டவர் அன்டன் கோல்ப் என்ற நியூரம்பெர்க் வணிகர். ஆறு கட்டைகள், ஆறு தாள்கள். ஒட்டினால் கிட்டத்தட்ட 2.8 மீட்டர் அகலம், 1.3 மீட்டர் உயரம். மூன்று ஆண்டு வேலை என்று கோல்ப் வெனிஸ் அரசுக்குக் கொடுத்த மனுவில் சொல்லியிருக்கிறார். ஒரு படி 3 பொற்காசுக்கு விற்றால்தான் கட்டும் என்பதும் அவர் கணக்கு. தெற்கே, கடல்நீருக்கு மேல் வெகு உயரத்தில் நின்று பார்ப்பதுபோல் முழு வெனிஸும் விரிகிறது. மனிதன் முதன்முதலாக பலூனில் ஏறியது 1783-ல். ஆக, பார்பரி நின்ற அந்த இடத்தில் அதன்பின் 280 ஆண்டுகளுக்கும் மேலாக யாரும் நிற்க முடியவில்லை.

பிறகு எப்படி வரைந்தார்? வெனிஸில் மணிக்கோபுரங்களுக்குப் பஞ்சமில்லை. பல கோபுரங்களில் ஏறி, ஒவ்வொன்றிலிருந்தும் சுற்றுவட்டாரத்தை வரைந்து, அந்தத் துண்டுகளை ஒரே சாய்வுக்குக் கொண்டுவந்து இணைத்திருக்கிறார் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இணைத்த இடங்களில் தளர்வும் நெரிசலும் தெரிகின்றன. சில பகுதிகள் விரிந்திருக்கின்றன, சில பகுதிகள் சுருங்கியிருக்கின்றன. ஆனாலும் வீடுகளின் புகைபோக்கிகள்வரை நம்பும்படி இருக்கிறது. செயின்ட் மார்க் சதுக்கத்தின் மணிக்கோபுரம் இந்தப் படத்தில் தட்டையான தற்காலிகக் கூரையோடு நிற்கிறது. 1489-ல் இடி விழுந்து உச்சி போயிருந்தது, 1500-ல் உண்மையிலேயே அது அப்படித்தான் இருந்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கோபுரத்துக்குப் புது உச்சி வைத்தபின், மரக்கட்டையிலும் அந்த இடத்தைத் திருத்தி அடுத்த பதிப்பை அச்சிட்டார்கள். லண்டன் தாளில் நடக்காதது இங்கே நடந்திருக்கிறது. அந்தக் கட்டைகளை இன்றும் வெனிஸின் கொரேர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

பிரவுன், ஹோகன்பெர்க் காலத்தில் இன்னொரு வழி பரவலாகியிருந்தது. முதலில் ஊரின் தரைப்படத்தைத் தயாரிப்பது. தெருக்களைக் கயிற்றாலோ காலடியாலோ அளந்து, திருப்பங்களின் கோணத்தைத் திசைகாட்டியால் குறித்து, மதிலுக்குள் இருக்கும் இடத்தைத் தாளில் அடைப்பார்கள். அந்தத் தரைப்படத்தைச் சற்றே சாய்த்துக்கொண்டு, அதன்மேல் வீடுகளையும் தேவாலயங்களையும் எழுப்புவார்கள். அப்படி எழுப்பினால் முன்வரிசை வீடுகள் பின்னால் இருக்கும் தெருவை மறைக்கும் அல்லவா? அதற்காகத் தெருக்களை உள்ளதைவிட அகலமாக்கினார்கள், வீடுகளின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். தேவாலயம், நகர மன்றம், மதில் வாசல் ஆகியவை அளவுக்கு மீறிப் பெரிதாயின. மதிலுக்கு வெளியே பரந்து கிடக்கும் வயல்கள் ஒரு விரற்கடைக்குள் சுருங்கின. ஆகவே ஒரு படத்தில் தெரு அகலமாகத் தெரிகிறது என்பதற்காக அந்த ஊரில் தாராளமான தெருக்கள் இருந்தன என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் எந்தத் தெரு எந்தத் தெருவைச் சந்திக்கிறது, எந்த வாசலிலிருந்து எந்தச் சந்தைக்குப் போகலாம் என்பதைப் பெரும்பாலும் நம்பலாம். அளவு மாறும், தொடர்பு மாறாது.

இந்தத் தரைப்படங்கள் எங்கிருந்து வந்தன என்பது தனிக்கதை. நெதர்லாந்து ஊர்களுக்கான மூலம் பெரும்பாலும் யாக்கோப் வான் டெவென்டர் என்ற நில அளவையாளரின் வேலை. ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் தன் ஆளுகைக்குட்பட்ட நெதர்லாந்து நகரங்கள் அனைத்தையும் அளந்து தரும்படி 1550-களின் கடைசியில் அவரை நியமித்தார். சுமார் 250 ஊர்களை அவர் அளந்தார். அது அரசருக்கும் படைத்தலைவர்களுக்குமான வேலை, கடையில் விற்பதற்கானது இல்லை. ஆனால் டெவென்டர் கடைசிக் காலத்தைக் கொலோனில்தான் கழித்தார், 1575-ல் அங்கேயே இறந்தார். அவர் படங்களைத் தழுவிய தாள்கள் கொலோன் தொகுப்பில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

மற்ற ஊர்களுக்கு பிரவுன் வேறு வழி கண்டுபிடித்தார். தன் ஊர் இந்தப் புத்தகத்தில் இல்லையே என்று வருந்தும் வாசகர் அதை வரைந்து அனுப்பட்டும், அடுத்த தொகுதியில் சேர்க்கிறோம் என்று எழுதினார். படங்கள் வந்தன. டென்மார்க் மன்னருக்காக ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் பகுதியை நிர்வகித்த ஹைன்ரிஷ் ரன்ட்ஸௌ தன் வட்டாரத்து ஊர்களின் படங்களைத் திரட்டித் தந்தார். நகர மன்றங்களுக்கும் இதில் அக்கறை இருந்தது. தன் ஊர் இப்படிப்பட்ட ஒரு புத்தகத்தில் இடம்பெறுவது பெருமை. பெருமைக்காக அனுப்பும் படத்தில் இடிந்த மதிலும் குப்பைமேடும் இருக்க வாய்ப்பில்லை. இதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

படங்களில் உயிர் இருப்பதற்குப் பெரிய காரணம் யோரிஸ் ஹூஃப்நாகெல். ஆன்ட்வெர்ப்பின் பணக்கார வணிகர் வீட்டுப் பிள்ளை. 1560-களில் ஸ்பெயின் முழுக்கச் சுற்றி, பார்த்த இடத்தில் உட்கார்ந்து வரைந்தார். 1576-ல் சம்பளம் கிடைக்காத ஸ்பானியப் படைகள் ஆன்ட்வெர்ப்பைச் சூறையாடின. அடுத்த ஆண்டு ஓர்டெலியஸும் அவரும் இத்தாலிக்குப் புறப்பட்டார்கள். அந்தப் பயணத்தின் காட்சிகளும் தொகுப்பில் இருக்கின்றன. சில தாள்களின் ஓரத்தில் அந்த இரண்டு நண்பர்களே சின்னஞ்சிறு உருவங்களாக நிற்கிறார்கள். ஹூஃப்நாகெலுக்கு நகரத்தின் மதிலைவிட வெளியே நடப்பதில்தான் ஆர்வம். ஸ்பெயினின் கோனில் ஊரை வரையும்போது சூரை மீன் பிடிப்பதையும் வெட்டுவதையும் காட்டுகிறார். செவில்லா தாளில் ஊருக்கு வெளியே ஒரு ஊர்வலம் போகிறது. மனைவியின் கள்ள உறவைத் தெரிந்தே பொறுத்துக்கொண்டான் என்று தண்டிக்கப்பட்ட கணவனைத் தலையில் கொம்பு மாட்டிக் கழுதைமேல் ஏற்றி இழுத்துப் போகிறார்கள். நகரம் வெகு தொலைவில் அமைதியாக இருக்க, முன்னால் இந்தக் கொடுமை நடக்கிறது. அந்த மனிதனின் அவமானத்தை இத்தனை நூற்றாண்டுகள் கழித்துப் பார்க்கும்போதும் மனம் கனக்கிறது.

முன்னால் நிற்கும் மனிதர்களைப் பற்றி பிரவுன் ஒரு விளக்கம் தருகிறார். இவ்வளவு துல்லியமான நகரப் படங்கள் துருக்கியர் கையில் சிக்கினால் படையெடுப்புக்கு உதவுமே என்ற அச்சம் அப்போது இருந்தது. மனித உருவங்களைப் பார்ப்பதை அவர்கள் மதம் தடுக்கிறது, அதனால் முன்னால் மனிதர்களை வரைந்துவிட்டால் அவர்கள் இந்தப் படங்களைப் பயன்படுத்த மாட்டார்கள் என்பது பிரவுனின் வாதம். இந்த வாதம் நிற்காது. அதே நூற்றாண்டில் துருக்கியரின் ஒட்டமான் அரசவையின் ஓவியர்கள் சுல்தானின் வரலாற்று நூல்களில் மனிதர்களைத் தாராளமாக வரைந்திருக்கிறார்கள். மத்ராக்ச்சி நசூஹ் 1530-களில் சுல்தானின் படையெடுப்பு வழியில் இருந்த ஊர்களைப் பறவைப் பார்வையில் வரைந்தார். அவர் மனித உருவங்களைத் தவிர்த்தது உண்மைதான், ஆனால் அவை இருக்கும் படங்களை அந்த அரசவை ஒதுக்கவில்லை. தவிர, ஆன்ட்வெர்ப்பைக் கொளுத்தியவர்கள் துருக்கியர் இல்லையே. இந்தப் புத்தகத்தை வாங்கக்கூடிய கிறிஸ்தவ அரசர்களின் படைகள்தான் ஒருவர் ஊரை ஒருவர் முற்றுகையிட்டுக்கொண்டிருந்தன. மனித உருவங்களின் உண்மையான பயன் வேறு. அந்தந்த ஊரின் உடையை அவை காட்டின. ஏற்கெனவே உடைகளைக் காட்டும் படப்புத்தகங்களுக்கு நல்ல கிராக்கி இருந்தது, ஒரே புத்தகத்தில் ஊரும் கிடைத்தது உடையும் கிடைத்தது.

முதல் தொகுதியில் ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள நகரங்களும் உண்டு. கெய்ரோ, எருசலேம், மெக்சிகோ, கூஸ்கோ. நம் பக்கத்தில் கோழிக்கோடு, கண்ணூர், கோவா, தியூ. கோழிக்கோடும் கண்ணூரும் பாரசீக வளைகுடாவின் ஓர்முஸோடும் ஆப்பிரிக்கக் கரையின் எல்மினா கோட்டையோடும் ஒரே தாளைப் பகிர்ந்துகொள்கின்றன. நான்கும் போர்த்துகீசியக் கப்பல்கள் போய்வந்த இடங்கள் என்பதுதான் அவற்றுக்கிடையிலான உறவு. கோழிக்கோட்டுப் படத்தில் தென்னையும் யானையும் இருக்கின்றன, கரையில் கப்பல் கட்டுகிறார்கள். ஆனால் தெருக்கள் இல்லை. மேலேயிருந்து கீழே பார்க்கும் அந்த உயர்ந்த பார்வையும் இல்லை. கப்பலில் நிற்பவரின் கண்ணுக்குக் கரை எப்படித் தெரியுமோ அப்படி வரைந்திருக்கிறார்கள். லண்டனையோ செவில்லாவையோ வரைந்தவர்கள் ஊருக்குள் நடந்தார்கள், கோபுரம் ஏறினார்கள். கோழிக்கோட்டைப் பற்றி அவர்களிடம் இருந்த அறிவு கரையோடு நின்றுபோனது என்பதைப் படத்தின் கோணமே காட்டிக்கொடுக்கிறது. கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) தாளிலும் இதேபோன்ற பின்தங்கல் உண்டு. 1557-ல் கட்டி முடித்த சுலைமானியே பெரிய பள்ளிவாசல் அதில் இல்லை. அதற்கு மூலமாக இருந்தது 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இருந்த நகரத்தைக் காட்டும் வேறொரு படம்.

சரி, இனி வண்ணத்துக்கு வருவோம். செப்புத்தகட்டு அச்சில் தாளில் வருவது கறுப்புக் கோடு மட்டும்தான். தகட்டில் செதுக்கிய கோடுகளுக்குள் மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளைகளுக்கு நடுவே அழுத்தினால் கோட்டுக்குள் இருக்கும் மை தாளுக்கு ஏறும். வண்ணம் அதன்பின் கையால் இடுவது. ஒவ்வொரு படியிலும், ஒவ்வொரு தாளிலும் தனித்தனியாக. வாங்குபவர் வெறும் கறுப்பு வெள்ளையிலும் வாங்கலாம், வண்ணமிட்டதையும் வாங்கலாம். வண்ணமிட்டது விலை கூடுதல்.

இதற்கென்றே தொழிலாளர்கள் இருந்தார்கள். ஓர்டெலியஸே 1547-ல் ஆன்ட்வெர்ப்பின் ஓவியர் சங்கத்தில் வரைபடங்களுக்கு வண்ணமிடுபவராகத்தான் பதிவு செய்துகொண்டார். அவருடைய சகோதரிகளும் இந்த வேலையைச் செய்தார்கள். ஆன்ட்வெர்ப்பின் பெரிய அச்சகத்தை நடத்திய கிறிஸ்டோஃப் பிளான்டினின் கணக்குப் புத்தகங்களில் மின்கென் லீஃப்ரிங்க் என்ற பெண் வண்ணமிட்ட வேலைக்காகப் பணம் பெற்றது பதிவாகியிருக்கிறது. இந்தப் படங்களில் வரைந்தவர் பெயர் இருக்கும், செதுக்கியவர் பெயர் இருக்கும், வண்ணமிட்டவர் பெயர் ஒரு ஓரத்திலும் இருக்காது. பெயர் கிடைத்த சிலரில் பெண்கள் இருக்கிறார்கள் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

வேலை இப்படி நடக்கும். தாளில் வண்ணம் ஊறிப் பரவாமலிருக்க முதலில் படிகார நீரைத் தடவுவார்கள். வண்ணத்தை வேலம்பிசினில் குழைத்து, கீழே இருக்கும் கறுப்புக் கோடு தெரியும்படி மெல்லியதாக இடுவார்கள். சிவப்புக்கு ஈயச் செந்தூரம், அல்லது பிரேசில் மரம் எனப்படும் சாயமரம். நாம் குடிதண்ணீரில் போட்டுக் கொதிக்கவைக்கும் பதிமுகம் அதே குடும்பத்தைச் சேர்ந்தது, அமெரிக்க மரம் வருவதற்கு முன்னால் ஐரோப்பாவுக்கு ஆசியாவிலிருந்து போன சாயமரமும் அதுதான். நீலத்துக்கு அசுரைட் என்ற செம்புக் கனிமம், அல்லது அவுரி. மஞ்சளுக்குக் குங்குமப்பூவும் செடிச் சாயங்களும்.

பச்சைக்குப் பெரும்பாலும் களிம்பு. புளி போட்டுத் தேய்க்காத செப்புப் பாத்திரத்தில் ஏறும் பச்சை இருக்கிறதே, அந்த வகைதான். செப்புத்தகடுகளைக் காடியின் ஆவியில் வைத்து அதை வேண்டுமென்றே வளர்த்துச் சுரண்டி எடுத்தார்கள். இட்ட நாளில் பளிச்சென்ற பச்சை. ஆனால் அதில் உள்ள செம்பு தாளின் நாரை மெல்ல மெல்ல அரிக்கும். பச்சை பழுப்பாகும், அது தாளின் மறுபக்கத்துக்கும் ஊறி வரும், முற்றிவிட்டால் அந்த இடம் நொறுங்கி உதிர்ந்தே போகும். வண்ணம் இடாத வெற்றிடங்கள் 400 ஆண்டுகளுக்குப் பின்னும் உறுதியாக இருக்க, வயலும் தோட்டமும் மட்டும் விரிசல் விட்டிருக்கும். அழகுக்காகக் கூடுதலாகப் பணம் கொடுத்து வாங்கிய படிகள்தான் அதிகம் சிதைந்திருக்கின்றன.

இதில் கவனிக்க வேண்டிய முக்கியமான செய்தி இது. வண்ணமிட்டவர் அந்த ஊரைப் பார்த்தவர் இல்லை. கூரை என்றால் சிவப்பு, தண்ணீர் என்றால் நீலம், புல் என்றால் பச்சை. கற்பலகைக் கூரை என்று தோன்றினால் சாம்பல் கலந்த நீலம். பட்டறை வழக்கம் அப்படி. ஓட்டுக் கூரையே இல்லாத வட்டாரத்து ஊர்களிலும் சிவப்பு பாய்ந்திருக்கலாம். இந்தப் படங்களின் கோடுகளை நகரத்துக்கான சாட்சியாக எடுத்துக்கொள்ள ஓரளவு இடம் உண்டு, வண்ணங்களை அப்படி எடுத்துக்கொள்ள இடமே இல்லை. வண்ணங்கள் பட்டறைக்கான சாட்சி மட்டும். பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும்போது சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்று இவற்றைப் பார்த்து முடிவெடுக்க யாராவது முனைந்தால், தயவுசெய்து வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

வண்ணம் எப்போது இடப்பட்டது என்பதும் ஒரு கேள்வி. 1572-ல் அச்சான தாளுக்கு 1970-ல் வண்ணம் இட்டிருக்கலாம். கறுப்பு வெள்ளைத் தாளைவிட வண்ணத் தாள் எளிதில் விலைபோகும் என்பதால் பின்னாளில் வண்ணமிடுவது ஒரு தொழிலாகவே நடந்தது. மத்தேயுஸ் மேரியனின் படங்களில் இது மிக அதிகம். மேரியன் 1642 முதல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் ஜெர்மானிய நகரங்களின் மாபெரும் வரிசையை வெளியிட்டார், உரை எழுதியவர் மார்ட்டின் ஸைலர். முப்பது ஆண்டுப் போர் இன்னும் முடியாத நேரம். ஊர்கள் பல சாம்பலாகிக் கிடந்தன. ஹெஸ்ஸன் பகுதிக்கு வில்ஹெல்ம் டிலிஷ் என்பவர் போருக்கு முன்பே 1605-ல் வெளியிட்ட படங்களை மேரியன் எடுத்து ஆண்டார். அதனால் 1646 என்று தேதியிட்ட ஹெஸ்ஸன் தொகுதியில் போரின் தழும்பே இல்லாத ஊர்கள் நிற்கின்றன. இந்த வரிசை பெரும்பாலும் வண்ணமின்றித்தான் விற்கப்பட்டது. இன்று சந்தையில் வண்ணத்தோடு கிடைக்கும் மேரியன் தாள்களில் பெரும்பாலானவை பிற்காலக் கைவேலை. அது குற்றம் இல்லை. ஆனால் விற்பவர் அதைப் 'பழைய வண்ணம்' என்று சொன்னால் அது குற்றம்.

வித்தியாசம் கண்டுபிடிக்கத் தாளைத் திருப்பிப் பார்க்க வேண்டும். களிம்புப் பச்சை இட்டிருந்தால் பின்பக்கத்தில் வயல்களின் வடிவம் பழுப்பு நிழலாகத் தெரியும். அங்கே தூரிகையால் பழுப்பு தடவி ஏமாற்றுபவர்களும் உண்டு, ஆகவே நிழலின் விளிம்பு முன்பக்கத்துப் பச்சையின் விளிம்போடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். கொலோன் தொகுப்பின் தாள்களில் பின்பக்கம் பிரவுனின் உரை அச்சாகியிருக்கும். அது லத்தீனா, ஜெர்மனா, பிரெஞ்சா, பக்க எண் என்ன என்பதை வைத்து எந்தப் பதிப்பு என்று அடையாளம் காணலாம். நடுவில் மடிப்பு இருக்க வேண்டும், புத்தகத்தில் தைப்பதற்காகப் பின்னால் ஒட்டிய தாள்பட்டையின் தடம் இருக்க வேண்டும். படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். வெளிச்சத்தில் பிடித்தால் கையால் செய்த தாளின் கம்பிக்கோடுகள் தெரியும். லென்ஸ் வைத்துப் பார்க்கும்போது வண்ணம் புள்ளிபுள்ளியாகப் பிரிந்தால் அது நவீன அச்சு, மேற்கொண்டு பார்க்க ஒன்றுமில்லை.

கொலோன் தகடுகளின் பிற்கால வாழ்க்கையும் நீண்டது. ஹோகன்பெர்க் குடும்பத்திடமிருந்து ஆம்ஸ்டர்டாம் பதிப்பாளர் யான் யான்சோனியஸ் கைக்குப் போய் 1657-ல் வேறு பெயரில் மறுபடி அச்சேறின. அதன்பின் ஃபிரெடெரிக் தெ விட், அப்புறம் லெய்டனின் பீட்டர் வான் டெர் ஆ. ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஒரே செம்பு உழைத்திருக்கிறது. யான்சோனியஸின் மருமகன் வான் வாஸ்பெர்க்கே பங்காளியாக இருந்த பதிப்பகம்தான் 1672-ல் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய டச்சுப் பாதிரியார் பிலிப்பஸ் பால்டேயஸின் நூலை வெளியிட்டது. நாகப்பட்டினம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம் ஆகியவற்றின் காட்சிகள் அதில் இருக்கின்றன. நம் ஊர்களின் பழைய அச்சுப்படங்கள் வந்த வழியும் இந்த ஆம்ஸ்டர்டாம் பட்டறைகள்தான்.

18-ஆம் நூற்றாண்டில் இந்தக் கலை அதன் உச்சத்தைத் தொட்டு ஓய்ந்தது. பாரிஸ் நகர நிர்வாகத்தின் தலைவர் மிஷெல்-எத்தியேன் துர்கோ 1734-ல் லூயி பிரெத்தேயிடம் பாரிஸை வரையும் வேலையை ஒப்படைத்தார். பிரெத்தே வீடுகளுக்குள்ளும் தோட்டங்களுக்குள்ளும் நுழைந்து அளக்க அனுமதி பெற்றிருந்தார். 1739-ல் 20 தாள்களில் முழு பாரிஸும் வெளிவந்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து 1748-ல் ஜாம்பாத்திஸ்தா நொல்லி ரோம் நகரின் தரைப்படத்தை 12 தாள்களில் வெளியிட்டார். அதில் சாய்வும் இல்லை, எழுந்து நிற்கும் வீடும் இல்லை, அளவு மட்டும்தான். பொறியாளர்களும் வரி அதிகாரிகளும் கேட்டது அதைத்தான், அதனால் அந்த வழியே நிலைத்தது.

கடைசியாக ஒரு வருத்தம். கொலோன் தொகுப்பின் முழுப் புத்தகத்தைவிட அதன் தாள்களைத் தனித்தனியாக விற்றால் வரவு அதிகம். அதனால் 19, 20-ஆம் நூற்றாண்டுகளில் ஏராளமான பிரதிகள் தையல் பிரிக்கப்பட்டுத் தாள்தாளாகச் சிதறின. சட்டத்துக்குள் போன தாளின் பின்பக்க உரையை யாரும் படிப்பதில்லை. எந்தத் தாளுக்கு அடுத்து எந்தத் தாள் வந்தது, ஒரே கைதான் எல்லாவற்றுக்கும் வண்ணம் இட்டதா என்ற செய்திகள் தையலோடு போய்விட்டன. இனி யாராவது முழுப் பிரதியைப் பிரித்தால் அதைத் திருத்த முடியாத சேதம் என்றே நான் கருதுகிறேன்.

பிரிக்கப்படாத பிரதிகள் நூலகங்களில் இருக்கின்றன, ஹைடல்பெர்க் பல்கலைக்கழக நூலகம் தன்னுடைய வண்ணப் பிரதியை இணையத்தில் இலவசமாகத் தந்திருக்கிறது. வேறொரு நூலகத்தின் பிரதியையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு ஒரே ஊரை இரண்டிலும் பாருங்கள். தொடங்குவதற்குக் கொலோன் நகரத்தைக் காட்டும் தாள் நல்லது. அதற்கு மூலமான படம் எது என்று நமக்குத் தெரியும்: புகழ்பெற்ற வரைபடக் கலைஞர் மெர்காட்டரின் மகன் ஆர்னோல்ட் மெர்காட்டர் அளந்து 1571-ல் வெளியிட்ட நகரப்படம். அது பிரவுன் வாழ்ந்த ஊர், அச்சான வேளையில் அந்தப் படத்துக்கு வயது ஒன்று. 1248-ல் தொடங்கிய பேராலயம் அதில் பாதியில் நிற்கிறது. அப்போது வேலை நின்றுபோயிருந்தது, 1880-ல்தான் கட்டி முடித்தார்கள்.